கோழிக்கு எவ்வளவு மருந்து போகிறது? முதலில் எண்ணுங்கள்

கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கொடுப்பது பற்றி நேற்று டிவியில் ஒரு விவாதம். "பண்ணைக்காரன் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொட்டுகிறான்" என்றார் அதில் பேசிய ஒரு விருந்தினர். எவ்வளவு என்று நெறியாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. பண்ணைவாரியாக அந்தக் கணக்கை இங்கே யாரும் தொகுப்பதில்லை. என் எரிச்சலே அதுதான்.

கொட்டவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு எந்த மருந்துக்கும் கேட்காத நோயாளிக்கு ஐசியுவில் கடைசியாக ஏற்றுகிற மருந்து கொலிஸ்டின். கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று அதைத் தீவனத்தில் கலந்தார்கள். கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால் அந்த நோயாளிக்கு அதுவும் கேட்காது. 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. நல்லது. தடைக்கு முன்னால் எவ்வளவு போனது, அப்புறம் அந்த இடத்துக்கு எது வந்தது? எண்ணினால்தானே தெரியும்.

பல்லடம் பக்கம் எங்கள் ஷெட்டில் ஒரு கார்டு தொங்கும். ஒப்பந்தப் பண்ணை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. எங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. காலையில் செத்தது எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, சராசரி எடை என்ன, எல்லாம் அப்பா அதில் எழுதுவார். சூப்பர்வைசர் தண்ணீரில் கலக்கச் சொல்லும் பவுடரின் பெயரும் அதில்தான் ஏறும். கோழி ஏறிய எடைக்குத் தீவனம் அதிகம் போயிருந்தால் கூலியில் கைவைப்பார்கள். மருந்து எழுதிய பத்தியை மட்டும் பேட்ச் முடிந்ததும் ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. டிவியில் திட்டு வாங்குவது மட்டும் அப்பா!

டென்மார்க்கில் 1995-இலேயே 'டான்மேப்' என்ற திட்டத்தில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் அதற்கு அடங்காத கிருமிகளையும் கண்காணிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2000-இலிருந்து எந்தப் பண்ணை, எந்த விலங்கு, எவ்வளவு மருந்து என்று ஒவ்வொரு மருந்துச் சீட்டும் பதிவாகிறது. 2010-இல் பன்றிப் பண்ணைகளுக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை கொண்டுவந்தார்கள். நாட்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் அட்டை. சராசரி தெரிந்ததால் இரண்டு மடங்கும் தெரிந்தது.

"அது சின்ன நாடு" என்பீர்கள். சரி, ரெண்டு மாடு வைத்திருப்பவர் மடிநோய்க்கு வாங்கும் ஊசியை எண்ணுவது கஷ்டம்தான். கம்பெனி குடோனிலிருந்து கிளம்பிய பவுடருக்குமா பில் இருக்காது?

"பண்ணைக்காரன் பிள்ளை, முட்டுக் கொடுக்கிறாய்" என்பீர்கள். முட்டுக் கொடுப்பவன் கணக்கு எடுக்கச் சொல்வானா? ஹார்மோன் ஊசி என்று ஆரம்பிப்பவர்களுக்கு: ஆயிரக்கணக்கான கோழியைப் பிடித்து ஊசி போட எனக்கு ஆள் கிடைக்கவில்லை, நீங்களே வாருங்கள், கூலி தருகிறேன்.

அப்புறம், "நாங்கள் நாட்டுக்கோழிதான்" என்கிற பரிசுத்தர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் எங்கள் ஊரில் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவார்கள். அது வைரஸ் நோய், அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. கேப்சூல் எங்கே வாங்கினார்கள் என்கிறீர்களா? மெடிக்கலில்தான், சீட்டு இல்லாமல். சளிக்கு நீங்கள் அசித்ரோமைசின் வாங்குகிறீர்களே, அதே கடை.