கேரள எல்லையிலுள்ள வாளையார் தாண்டினால் அபராதம் வராதா?

"வேகமாகப் போனாலும் கேரளக் கேமரா தமிழ்நாட்டுப் பதிவெண்ணைப் பிடிக்காது" என்று கோவை, பாலக்காடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய். மோட்டார் வாகனச் சட்டம், 1988 நாடு முழுமைக்கும் ஒன்றே. பதிவெண்ணை வைத்து, வாகனப் பதிவு விவரங்கள் உள்ள 'வாகன்' தரவுத்தளத்தில் உரிமையாளரைக் கண்டுபிடித்து இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) அனுப்புகிறார்கள். எல்லைக்கோடு அதைத் தடுப்பதில்லை.

வேக வரம்பை மீறினால், அச்சட்டத்தின் பிரிவு 183-இன்படி கார் போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, லாரி, பஸ் போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமமே பறிமுதலாகும்.

பணத்தைவிட எனக்குப் பதைப்பைத் தருவது வேறு. மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். 40-இல் நிற்கத் தேவைப்படும் பிரேக் தூரம் 80-இல் நான்கு மடங்காகும், மழையில் இன்னும் நீளும். அந்தச் செய்தியை நம்பி ஆக்சிலேட்டரை மிதிப்பவருக்கு முன்னால் சாலையைக் கடப்பது ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம்.