ஒற்றை எஞ்சினில் டாக்சி: அந்த மூன்று நிமிடம் எங்கே?

கணினி சிமுலேட்டரில் ஏ320 விமானம் ஓட்டும் நண்பர்கள் பலர் இப்போது ஒரே எஞ்சினில் டாக்சி செய்கிறார்கள், அதாவது இரண்டில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு விமானத்தைத் தரையில் நகர்த்துகிறார்கள். பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஓடுபாதை முனைக்கு வந்து இரண்டாவது எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு டேக்-ஆஃப் கொடுத்துவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குளிர்ந்த எஞ்சினில் வெளிக்கூடும் உள்ளே சுழலும் பாகங்களும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. அதனால் முழு விசை கொடுக்கும் முன் சில நிமிடம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடவிட வேண்டும். இறங்கிய பிறகும் அப்படித்தான், 3 நிமிடமாவது ஆறவிட்டுத்தான் ஒன்றை அணைக்கலாம். சிமுலேட்டரில் பெரும்பாலும் எஞ்சின் கெடாது, உண்மைதான். எரிபொருளுக்கும் நாம் காசு கொடுப்பதில்லையே! பிறகு எதற்கு ஒரு எஞ்சினை அணைக்கிறோம்? நிஜம் போல ஓட்டத்தானே! அப்படியென்றால் அந்த நிமிடங்களையும் கொடுக்க வேண்டாமா?

அப்பாவோடு ஸ்கூட்டரில் கடலூர் சாலையில் போகும்போது ஏ.எஃப்.டி ரயில்வே கேட் போட்டிருந்தால் உடனே வண்டியை அணைத்துவிடுவார். ரயில் கடந்து முடிவதற்குள் உதைத்து ஸ்டார்ட் செய்து தயாராக இருப்பார். கேட் திறந்த பிறகு உதைத்துக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

போன மாதம் சென்னையில், சிமுலேட்டரில்தான், இடது எஞ்சின் மட்டும் ஓட, இடப்பக்கம் திரும்பும் இடத்தில் நின்றுவிட்டேன். அந்த எஞ்சின் மூக்கை வலப்பக்கம் தள்ளும் என்பதை யோசிக்கவில்லை. விமானம் அசையவில்லை. விசை லீவரைத் தள்ளத் தள்ள என்1 (எஞ்சினின் முன்விசிறி சுழலும் வேகம்) 40 சதவீதத்தைத் தொட்டது. நிஜமாக இருந்தால் பின்னால் வண்டியோ ஆளோ நின்றிருப்பார்கள், எஞ்சின் காற்று அவர்கள் மேல் அடித்திருக்கும். லீவரை இழுத்துவிட்டு, வலது எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். ஹெட்போனில் நாய் குரைப்பது போல பிடியு (ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தால் இன்னொன்றுக்கு அழுத்தம் தரும் கருவி) சத்தம். பச்சை, மஞ்சள் என்று பெயரிட்ட ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புகள் இரண்டும் வழக்கமான 3000 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும் வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அன்றிலிருந்து கிளம்பும் முன்பே திருப்பங்களை வரைபடத்தில் பார்த்துவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் இந்த ஒற்றை எஞ்சின் டாக்சி தேவையும் இல்லை. ஏ320 தரையில் இரண்டு எஞ்சினோடு நிமிடத்துக்கு சுமார் 10 முதல் 12 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒன்றை அணைத்தாலும், மிச்சமாவதில் ஏபியு (வாலில் இருக்கும், மின்சாரமும் காற்றும் தரும் சிறு எஞ்சின்) குடிப்பதைக் கழிக்க வேண்டும். நீண்ட வரிசையில் நிற்கும் நாளில் லாபம்தான். நம்ம புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதையோ சுமார் 1,500 மீட்டர், அதில் என்ன மிச்சம் பிடிப்பது? அங்கே வரும் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானத்துக்கு ஏபியுவே கிடையாது. வலது புரொப்பல்லருக்கு பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அந்த எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஹோட்டல் மோட் என்பார்கள். அடுத்த முறை ஏறும்போது வலப்பக்கம் கவனியுங்கள், விசிறி நிற்கும், எஞ்சின் இரையும்.

ஆன்லைனில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்கும்போது பின்னால் நாலு பேர் காத்திருந்தால், விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலரிடம் 'இன்னும் மூன்று நிமிடம் வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.