மருந்து போடுங்கள் என்று கேட்பது பகையா?

நேற்று இரவு 11 மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோது, சுவிட்ச் பலகைக்கு மேலே சுவரில் மூன்று உண்ணிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றைக் காகிதத்தில் தட்டி, ஸ்பிரிட் ஊற்றி வைத்திருக்கும் சிறிய பாட்டிலில் போட்டேன். மற்ற இரண்டையும் போடுவதற்குள் ஆத்திரத்தில் எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தம்பி குடும்பம் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் அந்தப் பாட்டிலை எத்தனை முறை காலி செய்து நிரப்பினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தம்பி வந்து தங்கியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேலை போய், வாடகை கட்ட வழியில்லாமல் நின்றவனை நான்தான் வா என்று அழைத்தேன். இன்று கேட்டாலும் அப்படித்தான் அழைப்பேன். அவனோடு அவன் மனைவியும் இரண்டு வயது ஆண் நாய் ராக்கியும் வந்தார்கள். என்னிடம் ஏற்கெனவே ஒன்பது வயதுப் பெண் நாய் அம்முவும் ஒரு பூனையும் இருந்தன. வருவதற்கு முன் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ராக்கியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அழைத்து வாருங்கள் என்றேன். “சரிக்கா, பார்த்துக்கலாம்” என்றான். எட்டு மாதங்களாக அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

வந்த மூன்றாம் நாள் ராக்கியின் காதைத் தூக்கிப் பார்த்தேன். மடலின் உள்மடிப்பில், இரத்தம் குடித்து உப்பிச் சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை போல ஒரு பெண் உண்ணி தொங்கிக்கொண்டிருந்தது. கால்விரல் இடுக்குகளில் கடுகு அளவில் இன்னும் ஏழெட்டு இருந்தன. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நாய்னா உண்ணி இருக்கத்தான்கா செய்யும், பிடுங்கிப் போட்டாப் போச்சு” என்றான்.

போகாது. இதைத்தான் நான் எட்டு மாதங்களாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாயின் உடம்பில் நம் கண்ணுக்குப் படுவது கொஞ்சம். மிச்சமெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. பழுப்பு நாய் உண்ணி என்ற இந்த வகை, முட்டையிலிருந்து முதிர்ச்சி வரைக்கும் தன் வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கக்கூடியது. குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, நிலைச்சட்டத்தின் விரிசலிலோ திரைச்சீலையின் மடிப்பிலோ சோபாவின் தையலிலோ புகுந்து, 4000 முட்டைகள் வரை இட்டுவிட்டுச் சாகிறது. பொரித்து வரும் ஆறுகால் குஞ்சு ஒரு முறை நாயின் மேல் ஏறிக் குடித்து இறங்குகிறது. தோலுரித்து எட்டுக்காலோடு மறுபடி ஏறுகிறது. மறுபடி இறங்கி, முதிர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை ஏறுகிறது. வெப்பம் தோதாக இருந்தால் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதங்களுக்குள் முடிந்துவிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பத்தாகப் பிடுங்கிப் போட்டு ஒழித்துவிடலாம் என்று நினைப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதைப் போன்றது.

அம்முவுக்கு நான் 12 வாரங்களுக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கிறேன். ஒரு தடவைகூட நாள் தவறியதில்லை. ஆனால் அந்த மாத்திரை உண்ணியை அண்ட விடாமல் தடுப்பதில்லை. உண்ணி கடித்து, இரத்தத்தோடு மருந்தையும் குடித்த பிறகுதான் சாகிறது. அதாவது, ராக்கியின் உடம்பில் கொழுத்து, வீட்டில் பெருகி வரும் ஒவ்வொரு உண்ணியும் அம்முவைக் கடித்த பிறகே சாகும். சில உண்ணிகள் சாவதற்குள் நோயையும் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு வீட்டில் எத்தனை பிராணிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் ஒரே நாளில், அந்தந்தப் பிராணிக்குரிய மருந்தைக் கொடுக்க வேண்டும். அதோடு விரிசல்களையும் படுக்கைகளையும் சுத்தம் செய்து, முட்டை பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டுச் சில வாரங்களில் மறுபடியும் செய்ய வேண்டும். ஒரு நாயை மட்டும் விட்டுவிட்டால், மற்றவற்றுக்குச் செய்த அத்தனையும் வீண். இது என் பிடிவாதம் என்று வீட்டில் பேசுகிறார்கள். உண்ணி வாழ்கிற விதமே அதுதான்.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தது என் அம்மு. நான்காவது மாதத்தில் அவள் சிடுசிடுவென்று ஆனாள். ராக்கி பக்கத்தில் வந்தாலே உறுமினாள். ராக்கி கெட்ட நாய் அல்ல. ஆனால் தன் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, அம்முவின் கிண்ணத்தில் தலையை விடும் பழக்கத்தை யாரும் அதற்கு மாற்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் வேறு வேறு அறையில் கதவை மூடி வையுங்கள் என்று கேட்டேன். தம்பி மனைவி, “பாவம் அண்ணி, பிரிச்சு வச்சா எப்படி ஒட்டும்? அதுங்களே பேசி முடிச்சுக்கும்” என்றாள். அம்மு உறுமினால் அவளைத்தான் எல்லோரும் அதட்டினார்கள். பெரியவள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவாகப் பிறந்த நாளிலிருந்து நான் கேட்டு வளர்ந்த அதே வார்த்தையை, என் நாயிடமும் சொன்னதைக் கேட்டபோது என் வயிறு எரிந்தது.

நாயின் உறுமல் ஓர் எச்சரிக்கை. கிட்டே வராதே என்று அது வாய் திறந்து சொல்லும் வழி அது. அதட்டி அதட்டி அதை அடக்கினால் நாயின் கோபம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். அப்படியேதான் நடந்தது. ஒரு மாலை, கிண்ணத்தருகே ஒரு சத்தமும் இல்லாமல் அம்மு ராக்கியின் காதைக் கவ்விவிட்டாள். தம்பி ஓடிப்போய் இரண்டு வாய்களுக்கும் நடுவில் கையை விட்டான். சண்டை போடும் நாய்களுக்கு நடுவே கையை விடவே கூடாது. பலகையையோ தலையணையையோ குறுக்கே நுழைத்துப் பிரிக்க வேண்டும். அன்று அவன் கையைக் கடித்தது எந்த நாய் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பழி முழுவதும் அம்முவின் தலையில் விழுந்தது. அவளைக் கட்டிப்போட வேண்டும் என்று என் வீட்டிலேயே, என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அம்மு படுத்திருந்த விரிப்பில் இரத்தத் துளிகள் இருந்தன. சண்டைக் காயம் என்று நினைத்து உடம்பு முழுவதும் தடவிப் பார்த்தேன். இரத்தம் மூக்கிலிருந்து வந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எர்லிகியா, உண்ணியால் பரவும் காய்ச்சல், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள். 28 நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக்கொடுத்தார்கள். மருத்துவர் சொன்ன இன்னொன்று என் நெஞ்சில் தைத்துவிட்டது: நோயும் வலியும் உள்ள நாய் எரிச்சலோடு இருக்கும், பக்கத்தில் எதையும் அண்ட விடாது என்றார். வாரக்கணக்கில் அவள் உறுமியது காய்ச்சலில். அந்த உறுமலுக்குத்தான் அவளை அதட்டினோம். அதட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகாவது வீட்டில் புத்தி வரும் என்று நம்பினேன். வந்தது சித்தியின் மண்ணெண்ணெய். ஒரு வாரம் தங்க வந்தவர், பஞ்சில் நனைத்து உண்ணியின் மேல் வைத்தால் தானாகக் கழன்றுவிடும் என்று அம்முவின் தோலைப் புண்ணாக்கினார். மண்ணெண்ணெயும் வேண்டாம், நெருப்புக்குச்சியும் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். முனை கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் போதும்.

பூனைக்கு நடக்க இருந்ததை எழுதும்போது இப்போதும் உடம்பு பதறுகிறது. ராக்கி வந்ததிலிருந்து அது அலமாரியின் மேல்தட்டிலேயே குடியிருக்கிறது. மணல் தட்டுக்குப் போகும் வழியில் ராக்கி படுத்திருந்தால் இறங்குவதே இல்லை. போன மாதம் தம்பி மனைவிக்கு எப்படியோ மனம் மாறி, கழுத்தில் சொட்டு விடும் மருந்து வாங்கி வந்தாள். அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதை நான் மறுக்கவில்லை. ராக்கிக்குப் போட்டது போக மீந்ததைப் பூனைக்கும் போடலாம் என்று, ஸ்டூல் மேல் ஏறி, அதன் பிடரி மயிரை விலக்கிக்கொண்டிருந்தாள். டியூபைப் பிடுங்கிப் பார்த்தேன். பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. உடம்பு உதறி, வலிப்பு வந்து, பூனை செத்தே போகலாம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தால்கூட பூனைக்கு ஆபத்து. பூனைக்குப் போடக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. நான் கத்தியதில் அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் நான்தான் கொடுமைக்காரி. மீந்த அந்த மருந்து குப்பைக்குப் போனது; ராக்கிக்கு அதன் பிறகு எந்த மருந்தும் இல்லை.

ஒரு நாயின் எடையைப் பார்த்து, அந்த எடைக்கான மாத்திரையை வாங்கி, வாயில் போடுவதற்கு எட்டு மாதங்கள் வேண்டுமா? காசு நான் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கை நீட்ட மாட்டோம் என்று ரோஷம் வந்தது. சரி, நீங்களே வாங்குங்கள் என்றால், அடுத்த மாதம் என்கிறார்கள். அந்த அடுத்த மாதத்துக்குள் இன்னொரு தலைமுறை உண்ணி என் சுவரில் பொரித்துவிடும். சொந்தத்துக்குள் இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறார். மூக்கில் இரத்தம் வடிய என் மடியில் படுத்திருந்தவளிடம் போய் அதைக் கேட்கட்டும்.

இனி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. கிண்ணங்கள் இன்றே வேறு வேறு அறைக்குப் போய்விட்டன. இரண்டு கதவுகளின் சாவியும் என் இடுப்பில் இருக்கிறது. நாளைக் காலை ராக்கியின் சங்கிலியை நானே பிடித்து, மருத்துவமனையின் எடைமேடையில் நானே ஏற்றி நிறுத்துவேன். அம்முவுக்கும் அடுத்த மாத்திரை நாளைக்குத்தான்; பூனைக்கான மருந்தையும் மருத்துவரிடம் கேட்டு நாளைக்கே வாங்கிவிடுவேன். தம்பி கூட வந்தால் வரட்டும். வராவிட்டால், ஒன்பது மணிக்கு நானும் ராக்கியும் மட்டும் கிளம்புவோம்.