முழுசா கேட்டீங்களா சார்?

அமெரிக்க ராப்பர் ஸ்கார்ஃபேஸைப் பத்தி நேத்து ராத்திரி கமெண்ட்ல ஒரு சார்கூட நடந்த கூத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும், நான் ஏன் காலங்காத்தால இதை டைப் பண்ணிட்டு இருக்கேன்னு.

2002-ல அவரோட ‘தி ஃபிக்ஸ்’ ஆல்பத்துக்கு ‘தி சோர்ஸ்’ங்கற ஹிப்-ஹாப் பத்திரிகை அஞ்சு மைக், அதாவது முழு மார்க், குடுத்தது பாவம் பாத்துப் போட்ட மார்க்காம். “துப்பாக்கி, கொலை, இதுல என்ன இருக்கு”ங்கறாரு நம்ம சார். முழுசா கேட்டீங்களா சார்? இல்ல அதுல வர்ற ‘இன் கோல்ட் பிளட்’ பாட்டு ரெண்டு நிமிஷம் ஓடினதுமே தீர்ப்பு எழுதிட்டீங்களா?

ஸ்கார்ஃபேஸ் ஹூஸ்டன் சவுத் பார்க்ல வளர்ந்த ஆளு. கெட்டோ பாய்ஸ்ங்கற ராப் குழுவுல இருந்தப்பவே, 1991-ல, ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ல தூக்கம் வராம, யாரோ பின்னாடி வர்றாங்கன்னு நடுங்கற ரவுடியைப் பாடினவரு. அந்த பயம் முத்திப்போய்தான் 31 வயசுல, இந்த ஆல்பத்துல, ‘ஹெவன்’னு சாமியைப் பத்திப் பாடறாரு. கெத்து காட்ட ஆயிரம் பேர் இருக்கான், பயந்தேன்னு சொல்ல எவன் இருக்கான்?

ஒருநாள் வீட்ல இதே ஆல்பத்தோட ‘ஆன் மை பிளாக்’ ஓடிட்டு இருந்துச்சு. இங்கிலீஷ் பாட்டுன்னாலே “அந்தக் கருமத்தை நிறுத்துறா”ன்னு கத்தற எங்கப்பா, அந்தப் பியானோ சுத்திச்சுத்தி வர, மூஞ்சில ஷேவிங் நுரையோட வாசப்படில வந்து நின்னாரு. “யார்றா இது, எழவு வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசற மாதிரி பேசறான்?” ஒரு வார்த்தை புரியல அவருக்கு. இதைவிட நல்ல விமர்சனம் நான் படிச்சதில்ல.

“சோர்ஸ் மட்டும் யோக்கியமா?”ம்பீங்க. ஓனர்ல ஒருத்தரே ராப்பர், ஒத்துக்கறேன். ஆனா அதே பத்திரிகையோட 1995 அவார்ட் விழாவுல, அட்லாண்டாக்காரங்கங்கற ஒரே காரணத்துக்காக அவுட்காஸ்ட்ங்கற ராப் ஜோடியைப் பாத்து நியூயார்க் கூட்டம் ‘ஊ’ன்னு கத்துச்சு, அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஹூஸ்டன்காரனுக்கு அஞ்சு மைக் குடுக்கறது பாவம் பாத்தா? 1994-ல நியூயார்க் ராப்பர் நாஸோட ‘இல்மேட்டிக்’ ஆல்பத்துக்கு அஞ்சு வந்தா கவிதை. அதே நாஸ் இந்த ஆல்பத்துலயும் வந்து பாடிட்டுப் போறாரு, இது மட்டும் ரவுடிப் பாட்டு. நல்லா இருக்கு சார் உங்க தராசு.

பொண்ணுங்களைப் பத்தி வர்ற சில வரி? நல்லால்லதான். சரி, விடுங்க.

நான் கொதிக்கறது மைக்குக்காக இல்ல. கடைசியா ஒண்ணு போட்டீங்களே, “சேரிப் பாட்டு கேக்கறவனுக்கு ரசனையைப் பத்தி என்ன தெரியும்”னு. அது ஸ்கார்ஃபேஸுக்குப் போட்டது இல்லல்ல? காலேஜ்லயும் இதையேதான் கேட்டேன், வேற வேற வார்த்தைல, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, நானும் கூட சேந்து சிரிச்சிருக்கேன். அதான் இப்ப வலிக்குது.

கமெண்ட்டை டெலீட் பண்ணிட்டீங்க, ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. ஆல்பம் லிங்க்கை மெசஞ்சர்ல போட்டேன். பாத்துட்டீங்கன்னு காட்டுது. பதிலைக் காணோம்.