நாலு நகக் கீறலுக்குக் கதவையே அரைக்கணுமா?

இன்னிக்கும் ஒரு கருப்பு கார். டிரைவர் பக்கத்துக் கதவுல, கைப்பிடிக்குப் பின்னாடி இருக்கிற குழியில நாலு நகக் கீறல். மோதிரமும் நகமும் பட்டுப் பட்டு எல்லா கார்லயும் விழுறதுதான். "காம்பவுண்ட் போட்டா போயிடும் சார்"னு வாட்டர் வாஷ் பண்ற இடத்துல சொல்லியாச்சு. காம்பவுண்ட்னா பெயின்ட்டை அரைச்சு மெருகேத்துற பசை. அவ்வளவுதான், கதவு தொலைஞ்சது.

மதியம் ஒரு மணி வெயில். தகரத்துல கை வைக்க முடியாத சூடு. கழுவக்கூட இல்ல, பனியன் வேஸ்ட்டால தூசியைத் தட்டிட்டு ஆரம்பிச்சாச்சு. எடுத்தது எது? 1500 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்ட தடத்தை அழிக்கிறதுக்குப் பெயின்ட் பட்டறையில வச்சிருக்கிற முரட்டு ரப்பிங் காம்பவுண்ட்! மெஷின்ல கம்பளிப் பேட். ஒட்டியிருந்த மணலும் சேர்ந்து அரைக்குது. சூட்டுல காம்பவுண்ட் காய்ஞ்சு மாவா உதிருது, மெஷின் மட்டும் நிக்கவே இல்ல. கதவோட மடிப்பு விளிம்புல பெயின்ட் மெல்லிசா இருக்கும், டேப் ஒட்டி மறைக்கணும். அங்கதான் வச்சு அழுத்துறாங்க. முடிச்சதும் எண்ணெய்ப் பசையில ஒரு மினுமினுப்பு, காசை வாங்கியாச்சு. ரெண்டு தடவை கழுவினதும் பசை போச்சு. வெயில்ல பார்த்தா கதவு முழுக்க வட்ட வட்டமா சிலந்திவலை. நகக் கீறல்? அப்படியே இருக்கு! அந்தக் குழிக்குள்ள அவ்வளவு பெரிய பேட் எப்படிய்யா நுழையும்?

காம்பவுண்ட் கீறலை அடைக்கிற பட்டி இல்ல. கலருக்கு மேல நிறமில்லாத பூச்சு ஒண்ணு இருக்கு, அதுதான் கிளியர் கோட். கீறலைச் சுத்தி இருக்கிற அந்தப் பூச்சைக் கீறலோட ஆழத்துக்குச் சீவி இறக்குது, அதனாலதான் கோடு மறையுது. அந்தக் கிளியர் கோட் பெரும்பாலான கார்ல 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவுகூட வராது. சீவினது திரும்ப வளராது. வெயிலைத் தாங்குறதும் அதுதான். மெலிஞ்சு போனா சீக்கிரமே வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா பாலிஷ்ல போயிடும். தட்டி நின்னா எந்த காம்பவுண்டும் முழுசா எடுக்காது, ஓரம் மழுங்கி கண்ணுக்குக் கொஞ்சம் குறைவாத் தெரியும், அவ்வளவுதான். உள்ள சாம்பலோ வெள்ளையோ தெரிஞ்சா அது கலருக்கு அடியில இருக்கிற பிரைமர் பூச்சு, அந்த இடத்துல மட்டும் பெயின்ட் தொட்டு வைக்கிற டச்சப்தான் வழி. இன்னொரு வண்டி உரசி அந்தக் கலர் ஒட்டியிருந்தா பயமே வேண்டாம், கையாலேயே தேய்ச்சு எடுக்கலாம்.

எப்பவும் மென்மையானதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். கழுவி, நிழல்ல ஆற விட்டு, ஓரடிக்கு ஓரடி இடத்துல ஃபோம் பேட்ல பட்டாணி அளவு மூணு நாலு பொட்டு ஃபைன் பாலிஷ். நெடுக்கா ரெண்டு, குறுக்கா ரெண்டு, மெதுவா. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து பசையைத் துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பசை இருந்தா கீறல் ஒளிஞ்சுக்கும். போகலைன்னா முதல்ல பேடை மாத்துங்க, அப்புறம்தான் ஒரு படி முரடான காம்பவுண்ட். அதுக்கப்புறம் திரும்ப ஃபைன் பாலிஷ் போட்டே ஆகணும், அந்த காம்பவுண்ட் விட்ட தடத்தை வேற யாரு எடுக்கிறது? கடைசியா வாக்ஸ். கைப்பிடிக் குழிக்கு மெஷினே வேண்டாம். ஒரு மைக்ரோஃபைபர் துணி, விரல் நுனி, ஃபைன் பாலிஷ், பத்து நிமிஷம். அவ்வளவு சின்ன வேலைய்யா அது!

இந்தக் கோடெல்லாம் எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? அபார்ட்மென்ட்ல விடிகாலையில ஒரே வாளித் தண்ணி, ஒரே துணி, பத்து கார். பத்தாவது காருக்கு வரும்போது அது தண்ணியே இல்ல, சேறு. கீழ விழுந்த துணியை ஒரு உதறு உதறிட்டு அதே பானெட்ல தேய்க்கிறாங்க. இது போதாதுன்னு, தூசி படிஞ்ச கார்ல விரலால பேர் எழுதிட்டுப் போற பசங்க. தூசிக்கு அடியில மணல் இருக்குடா தம்பி! கழுவின பிறகும் வெயில்ல உன் பேரைப் படிக்க முடியுது!