மூன்றாவது தடவையும் வலது பக்கம்தான் வந்திருக்கிறது

நான் கேட்டது இடது. இ-ட-து. பழைய வண்டிச் சாமான் விற்கிற கடையிலிருந்து மூன்றாவது தடவையாக வலது பக்கத்து ட்ரனியனை, அதாவது முன் சக்கரத்துக்கு அடியில் வரும் மரை போட்ட துண்டை, அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கலத் துண்டுக்காக மாமா கட்டிய வண்டி ஆடியிலிருந்து ஜாக்கி மேல் நிற்கிறது, இப்போது ஐப்பசி மழையே வந்துவிட்டது.

மாமா வண்டி நிற்பது பழைய ஹெரால்டு காரின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில். அதில் ஓடுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் லிங்க் கீழே இந்த ட்ரனியனுக்குள் மரையோடுதான் இறங்குகிறது. ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி, மாற்றிப் போட வழியே இல்லை. இதை அந்தக் கடைக்காரரிடம் போனில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

முதல் தடவை, "பாக்ஸ்ல லெஃப்ட்னுதான் சார் எழுதியிருக்கு" என்றார். பெட்டியில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன, உள்ளே இருப்பதைப் பாருங்கள் என்றேன். மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். "ஓகே சார்." அடுத்து வந்ததும் வலது. மறுபடி போன், மறுபடி போட்டோ, மறுபடி ஓகே சார். நேற்று மூன்றாவதைப் பிரித்துவிட்டுக் கூப்பிட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார், கிரீஸ் வச்சு இறுக்கித் திருகுங்க, ஏறிடும்" என்கிறார்.

கிரீஸா? அங்கே 90 கியர் ஆயில் விட வேண்டும் ஐயா! கிரீஸ் நாளடைவில் கெட்டியாகி வழியை அடைக்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் லிங்க் அந்த இடத்திலேயே முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பின்னால் லாரி வரும்போது அது நடந்தால்? இதுகூடத் தெரியாமல் பழைய வண்டிக்கு எதற்குச் சாமான் விற்கிறீர்கள்?

ஹெரால்டு 1961 முதல் 1971 வரை மெட்ராஸிலேயே செய்த வண்டி. பாடியைக் கழற்றினாலும் சேஸிஸ் தனியாக நிற்கும் என்பதால்தான் இங்கிலாந்தில் கிட் கார், அதாவது பாகங்களை வாங்கித் தாங்களே பூட்டும் கார், கட்டியவர்கள் ஹெரால்டைத் தேடிப் பிடித்தார்கள். மாமாவும் அதைப் பார்த்துத்தான் இரண்டு பேர் உட்காரும் ஃபைபர் பாடி போட்டார். பாடிக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் மட்கார்டு பிளந்தபோது குளச்சலில் வள்ளம் செய்கிற அண்ணன் ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார். கோட்டாற்று லேத்காரரோ, "இடம்புரி மரை வெட்டுகது பெரிய காரியமில்ல மக்கா, ஆனா சக்கரத்தத் தாங்குற சாமான், நல்ல வார்ப்பு இல்லாம நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கோபமே வரவில்லை, மரியாதைதான் வந்தது. அந்தப் பயத்தில் கால்வாசி விற்கிறவருக்கு இருக்கக் கூடாதா?

இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், வரவழைக்கலாம். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் சாமான் விலையைத் தாண்டிவிடுகிறது. சரி, தொலையட்டும், அதையும் கட்டிவிடுகிறேன்.

ஆனால் அந்தக் கூரியர்! நேற்றைய பெட்டியையே நான் பார்வதிபுரம் வரை மழையில் போய்த்தான் எடுத்து வந்தேன். "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி வைத்திருக்கிறான். அம்மா காலையிலிருந்து திண்ணையிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தெரு நாய்கூட அந்தப் பக்கம் வரவில்லை என்கிறாள்.