டீ ஹிக்கின்ஸ் மதிப்பு: ஒரு திருத்தம்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், ஜமார் சேஸ் இருக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் இரண்டாவது வைட் ரிசீவரான (பாஸைப் பிடித்து ஓடும் வீரர்) டீ ஹிக்கின்ஸுக்கு ஃபேன்டஸி புள்ளிகள் (நிஜ வீரர்களின் ஆட்டப் பதிவை வைத்து, நாம் அமைக்கும் கற்பனை அணிக்குக் கிடைப்பவை) மிஞ்சாது என்கிறார்கள். 2024 சீசன் கணக்கு அப்படி இல்லைங்க. பெங்கால்ஸுக்கு 12 ஆட்டங்களில் 73 கேட்ச், 911 யார்டு, 10 டச் டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்தார். சேஸ் இந்த மூன்றிலும் லீகிலேயே முதலிடம் பிடித்ததும் அதே சீசனில்தான்!

என்எஃப்எல் தளத்தில் ஹிக்கின்ஸின் ஆட்டவாரிப் பதிவைத் திறந்து, பிபிஆர் முறையில் (ஒவ்வொரு கேட்சுக்கும் புள்ளி தரும் முறை) நீங்களே போட்டுப் பாருங்கள். கேட்சுக்கு 1, பத்து யார்டுக்கு 1, டச் டவுனுக்கு 6. 73 + 91.1 + 60 = 224.1, ஃபம்பிள் (பந்தைக் கைநழுவ விடுவது) கழிவு தனி. 12-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்குச் சுமார் 18.7. பலர் சீசனின் மொத்த ஆட்டங்களான 17-ஆல் வகுத்து 13 என்கிறார்கள், தவறு அங்கேதான். அவர் ஆடாத 5 வாரங்களில் உங்கள் பெஞ்சிலிருந்து இறங்குபவர் எடுக்கும் புள்ளியும் உங்கள் கணக்கில்தானே சேரும்?